கேரவனில் ஆர்க்டிக் கடல் வரை: வண்ணாரப்பேட்டையில் என்னிடம் கேட்டவையும் நான் சொன்னவையும்

நான் பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். முப்பது வருடம் மணலியிலும் மாதவரத்திலும் கண்டெய்னர் டிரெய்லர்களுக்கு பிரேக் வேலை பார்த்தவன். தங்கச்சி குடும்பம் கனடாவில், எட்மண்டன் ஊரில் இருக்கிறது. அவர்கள் கூப்பிட்டதால் ஜூன் மத்தியில் கிளம்பி, ஒரு வீட்டு வண்டியில் 26 நாள் கனடாவின் வடகோடி வரை போய்த் திரும்பினோம். நான், என் மனைவி, 71 வயது அம்மா, தங்கச்சி, மச்சான், 15 வயது மருமகன் என்று மொத்தம் ஆறு பேர்.

திரும்பி வந்ததிலிருந்து டீக்கடையிலும் ரேஷன் வரிசையிலும் மாடிப்படியிலும் அதே கேள்விகள்தான். எழுதி வைத்துவிட்டால் வாய் வலி மிச்சம் என்று உட்கார்ந்தேன்.

எங்கேதான் போனீர்கள்? அலாஸ்காவா?

இல்லை. அலாஸ்கா அமெரிக்காவைச் சேர்ந்தது, அதற்குத் தனி விசா வேண்டும். எங்களிடம் கனடா விசா மட்டும்தான் இருந்தது. எட்மண்டனிலிருந்து டாசன் கிரீக் போனோம். அங்கேதான் அலாஸ்கா நெடுஞ்சாலை ஆரம்பம். அதில் வாட்சன் லேக் வழியாக யூக்கான் பிரதேசத்தின் தலைநகரான வைட்ஹார்ஸ், அங்கிருந்து டாசன் சிட்டி, அப்புறம் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலையில் இனுவிக், கடைசியாக டக்டோயாக்டக். அதற்கு மேல் ரோடு கிடையாது, ஆர்க்டிக் கடல்தான். டாசன் கிரீக் வேறு, டாசன் சிட்டி வேறு. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 1,900 கிலோமீட்டர். அம்மா கடைசி நாள் வரை இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் இருந்தார்.

போக வர சுமார் 7,500 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஐந்து தடவை போய்த் திரும்பினால் வரும் தூரம். ஆனால் அந்த வழியில் செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி என்று ஊர் வந்துகொண்டே இருக்கும். யூக்கான் பிரதேசம் தமிழ்நாட்டைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. 2021 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் மொத்தமே 40,232 பேர். நம் மாநகராட்சியில் ஒரு வார்டின் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் முக்கால்வாசிப் பேர் வைட்ஹார்ஸையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் தாண்டுவதில்லை.

கேரவன் என்றால் நடிகர்கள் உட்காரும் வண்டியா?

அதன் தூரத்துச் சொந்தம். லாரி சேஸிஸ் மேல் ஒரு ரூம் கட்டியிருப்பார்கள். டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை, பின்னால் ஒரு கட்டில், சாப்பிடும் மேசையை இறக்கினால் இன்னொரு படுக்கை. கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், கக்கூஸ், ஆள் நின்றால் முழங்கை இடிக்கும் குளியலறை. நம் ஹவுசிங் போர்டு வீட்டுக்குச் சக்கரம் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. ஆறு பேர் 26 நாள் அதில் இருந்தோம், சண்டை ஒன்றே ஒன்றுதான் வந்தது. யார் யாரோடு என்று எழுத மாட்டேன்.

லைசென்ஸ் இங்கிருப்பதே போதுமா?

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாஸ்போர்ட், விசா காட்டி 1,000 ரூபாய் கட்டினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கொடுப்பார்கள், ஒரு வருடத்துக்குச் செல்லும். அதைத் தனியாகக் காட்டினால் யாரும் மதிக்க மாட்டார்கள், இங்கே எடுத்த லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது ஓட்டப் போகிறவர்கள் எல்லார் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டும். எனக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது, ஆனால் வைப்பருக்கும் இண்டிகேட்டருக்கும் கை மாறிப் போவது கடைசி வரை நிற்கவில்லை.

இன்னொன்று. எந்தெந்த ரோட்டில் போகலாம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். பல கம்பெனிகள் டெம்ப்ஸ்டர் பக்கம் போகவே கூடாது என்பார்கள். சிலர் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, டயரும் கண்ணாடியும் உன் பொறுப்பு என்று அனுப்புவார்கள். சொல்லாமல் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். எங்களுக்கு எழுதிக் கொடுக்கிற கம்பெனியைக் கண்டுபிடிக்கவே மச்சானுக்கு ஒரு மாதம் ஆனது.

காட்டுக்குள் அவ்வளவு நீளமாக ரோடு யார் போட்டது?

யுத்தம் போட்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதும், அலாஸ்காவுக்குத் தரை வழி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் இறங்கியது. 1942 மார்ச்சில் ஆரம்பித்து அக்டோபருக்குள் சுமார் 2,700 கிலோமீட்டர் தடம் வெட்டிவிட்டார்கள். பத்தாயிரத்துக்கும் மேல் சிப்பாய்கள்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு கறுப்பின வீரர்கள். அப்போது அமெரிக்க ராணுவத்தில் அவர்களுக்குத் தனி ரெஜிமென்ட். இன்று வளைவுகளை நிமிர்த்தி நிமிர்த்தி ரோட்டின் நீளம் குறைந்துவிட்டது, தார் ரோடும் ஆகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. அதே 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்று மெட்ராஸே காலியானது. தாத்தா பாட்டியையும் பாத்திரத்தையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போய்விட்டாராம். இந்தப் பக்கம் ஊரைக் காலி செய்ய வைத்த பயம்தான் அந்தப் பக்கம் ரோடு போட்டிருக்கிறது.

வாட்சன் லேக்கில் அந்தக் காலத்தின் மிச்சம் ஒன்று இருக்கிறது. 1942இல் அங்கே வேலை பார்த்த கார்ல் லிண்ட்லி என்ற சிப்பாய், வீட்டு ஞாபகத்தில் தன் ஊர்ப் பெயரை எழுதி ஒரு பலகை நட்டார். அதைப் பார்த்து வந்தவன் போனவன் எல்லாம் நட்டு, இன்று 80,000 பலகைக்கு மேல் ஒரு தோப்பாக நிற்கிறது. எங்கள் தெரு போர்டு பெயிண்டரிடம் முன்பே தகரத்தில் ‘பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21’ என்று எழுதி வாங்கிப் போயிருந்தோம். மருமகன் மேலே ஏறி ஆணி அடித்தான். கீழே ஜெர்மனி, பக்கத்தில் டெக்சாஸ்.

தண்ணீருக்கு என்ன செய்தீர்கள்?

இந்தக் கேள்வியை எங்கள் ஏரியாப் பெண்கள்தான் முதலில் கேட்டார்கள். ஆண்கள் எல்லாரும் கரடியிலேயே இருந்தார்கள்.

வண்டி டேங்க் சுமார் 150 லிட்டர். அதாவது பத்துக் குடம். ஆறு பேருக்குச் சமையல், பாத்திரம், கை கால், கக்கூஸ் எல்லாம் அதில்தான். டேங்கைத் திறந்துவிட்டுக் குளித்தால் ஒரே நாளில் காலி. எங்களோடு முதல் முகாமில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு அப்படித்தான் ஆனது, மறுநாள் காலையில் காப்பி போடத் தண்ணீர் கேட்டு வந்தார்கள்.

அம்மா இரண்டாம் நாளே பொறுப்பை எடுத்துக்கொண்டார். அவர் அடிபம்பில் வரிசை நின்றவர், லாரித் தண்ணீருக்கு டிரம் வைத்து இடம் பிடித்தவர், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019 கோடையில் வில்லிவாக்கத்துக்கு அந்த ரயில் வந்ததை டிவியில் பார்த்து அழுதவர். அவர் கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் தனிக் கேன், அதை வேறு எதற்கும் தொடக்கூடாது. தட்டை முதலில் பேப்பரால் துடை, அப்புறம் அலசு. அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரத்தின் முதல் அலசல். குளியல், முகாமில் காசு கொடுத்துக் குளிக்கும் இடம் வந்தால் மட்டும். மற்ற நாளில் ஈரத்துண்டு. இப்படி ஒரு டேங்க் எங்களுக்கு நான்கு நாள் வந்தது. எட்மண்டனில் வளர்ந்த மருமகன் முதலில் முறைத்தான். பத்தாம் நாள், குழாயை மூடாமல் போனதற்கு அவன் தன் அப்பாவைத் திட்டினான்.

வாடகைக் கம்பெனி கொடுத்த புத்தகத்தில் சிக்கனம் பற்றி ஒரு பக்கம் இருந்தது. நம் ஏரியாவில் அது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம்.

யூக்கான் அரசு முகாம்களில் கரண்ட் கிடையாது, குழாய் கிடையாது. ஆனால் விறகு இலவசம், அடுக்கி வைத்திருப்பார்கள். சில முகாம்களில் அடிபம்பு இருக்கும், கொதிக்க வைத்துக் குடி என்று போர்டும் இருக்கும். கனடா காட்டுக்குள் அடிபம்பைப் பார்த்ததும் அம்மா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நல்ல குளியல் ஒன்று கிடைத்தது, லியார்ட் ஆற்று வெந்நீர் ஊற்றில். ரோட்டிலிருந்து சதுப்பு மேல் மரப் பலகைப் பாதை, காட்டுக்குள் ஆவி பறக்கும் குளம். வெப்பம் 42 டிகிரிக்கு மேல், ஊற்று வாயில் இன்னும் அதிகம். அம்மா சுடிதார் போட்டுக்கொண்டு இறங்கினார். மூட்டு வலிக்கு ஒரு வாரம் மாத்திரை தேவைப்படவில்லை என்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

கக்கூஸ் கழிவு?

வண்டிக்கு அடியில் இரண்டு டேங்க். ஒன்று கழுவிய தண்ணீருக்கு, இன்னொன்று கக்கூஸுக்கு. நிறைந்ததும், அதற்கென்று இருக்கும் இடத்தில் தடி ஹோஸ் மாட்டித் திறந்துவிட வேண்டும். கக்கூஸ் டேங்கை முதலில், கழுவிய தண்ணீரைப் பின்னால். அப்போதுதான் ஹோஸ் தானாக அலசப்படும். ரோட்டோரத்தில் திறந்துவிடுவது குற்றம், கேவலமும்கூட.

இந்த வேலையை நானும் மச்சானும் மாறி மாறிச் செய்தோம். கையுறை, ஹோஸ், வால்வு எல்லாம் இருந்தும் முதல் நாள் எனக்கு நாற்றம் தாங்கவில்லை. எங்கள் தெருமுனையில் மேன்ஹோலுக்குள் கையுறைகூட இல்லாமல் ஆள் இறங்கியதை எத்தனை வருடம் சும்மா பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன். 2013இல் சட்டமே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பார்த்திருக்கிறேன்.

கரடி பார்த்தாயா அண்ணா?

பார்த்தேன். முதல் வாரத்திலேயே பதினொன்று. எல்லாம் ரோட்டோரத்தில் மஞ்சள் பூச்செடி மேய்ந்துகொண்டிருந்த கறுப்புக் கரடிகள், மாடு மாதிரி. பெரிய பழுப்புக் கரடி இரண்டே இரண்டு, தூரத்தில். வண்டியை விட்டு இறங்காதே, சோறு போடாதே, அவ்வளவுதான் விதி. நாம் போடும் ஒரு பிஸ்கெட்டில் கரடிக்கு மனித வாசனைப் பழக்கம் வந்துவிடும், பிறகு அதைச் சுட்டுக் கொல்லும் நிலை வரும்.

விளையாட்டு இல்லை. நாங்கள் குளித்த அதே வெந்நீர் ஊற்றுப் பாதையில் 1997இல் கரடி தாக்கி இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள். குளுவான் ஏரிக்கரையில் ஒரு முகாமில், பெர்ரி பழுக்கும் பருவத்தில் துணிக் கூடாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கரடி ஸ்பிரே வாங்கிக்கொண்டோம். உள்ளே இருப்பது மிளகாய்க் காரம்தான். விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, அங்கே வாங்கி அங்கேயே விட்டுவிட வேண்டும். காற்று நம் பக்கம் அடிக்கும்போது அழுத்தாதீர்கள். மருமகன் சோதனை செய்து பார்த்தான், மிளகாய் வறுத்த வீடு மாதிரி எல்லாரும் இருமிக்கொண்டு ஓடினோம்.

உண்மையான ஆபத்து எங்கள் பெட்டியில் இருந்தது. என் மனைவி காசிமேட்டிலிருந்து இரண்டு கிலோ கருவாடு கொண்டுவந்திருந்தாள். வஞ்சிரம், நெத்திலி. ஏர்போர்ட்டில் படிவத்தில் எழுதிக் காட்டித்தான் வெளியே வந்தோம், மறைக்கவில்லை. ஆனால் கரடிக்கு மோப்பம் மைல் கணக்கில் போகும் என்று படித்த பிறகு, காட்டுக்குள் கருவாடு வறுக்க யாருக்குத் தைரியம் வரும்? மூன்று டப்பாவுக்குள் மூடி, வண்டிக்குள்ளேயே வைத்து, ஊருக்குள் நிறுத்தும் நாளில் மட்டும் எடுப்பது என்று முடிவானது. அதிலும் ஒருமுறை வைட்ஹார்ஸ் முகாமில் வறுத்தபோது பக்கத்து வண்டிக்காரர் எழுந்து வந்து, உங்கள் கேஸ் லீக் ஆகிறதா என்று கேட்டார்.

கரடியைவிட எனக்குப் பயம் கொடுத்தது காட்டெருமை. லியார்ட் பக்கம் ரோட்டில் கும்பலாகப் படுத்திருக்கும். ஹாரன் அடித்தால் நம் தெரு மாடுகளைப் போலவே திரும்பிப் பார்க்கும், எழுந்திருக்காது.

சாப்பாடு? இட்லி தோசை கிடைத்ததா?

மிக்ஸியை இங்கிருந்து தூக்கிப்போக வேண்டாம். அங்கே கரண்ட் 120 வோல்ட், நம் மிக்ஸி முனகிக்கொண்டு நிற்கும். மாவைத் தங்கச்சி வீட்டிலேயே அரைத்து ஏற்றினோம். குளிரில் பொங்கவில்லை. ராத்திரி ஹீட்டர் ஓடும்போது அதன் வாய்க்கு முன்னால் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். சரளை ரோட்டில் அதே பாத்திரம் தானாகக் கலங்கி வழிந்தது வேறு கதை. குக்கர் நன்றாக வேலை செய்தது. எட்டு மணிக்கு மேல் விசில் வேண்டாம் என்று ஒரு முகாம் பொறுப்பாளர் மரியாதையாகச் சொன்னார்.

டெம்ப்ஸ்டர் ரோடு அவ்வளவு மோசமா? எண்ணூர் ரோட்டைவிடவா?

எண்ணூர் ரோட்டில் பள்ளம் எங்கே என்று நமக்குத் தெரியும்.

டெம்ப்ஸ்டர், டாசன் சிட்டிக்கு 40 கிலோமீட்டர் முன்னால் பிரிகிறது. அங்கிருந்து இனுவிக் 736 கிலோமீட்டர், ஏறக்குறைய முழுக்கச் சரளை. 1959இல் வேலை தொடங்கி 1979இல் திறந்தார்கள். ஏன் தார் போடவில்லை என்று என் மாதிரி ஆளுக்குக் கேள்வி வருமே? அடியில் மண் வருடம் முழுவதும் உறைந்து கிடக்கிறது. ரோட்டின் சூடு கீழே இறங்கினால் அந்த ஐஸ் உருகி ரோடு அமிழ்ந்துவிடும். அதனால் ஒரு மீட்டருக்கும் மேல், சில இடத்தில் இரண்டு மீட்டருக்கும் மேல் சரளையைக் கொட்டி மெத்தை போட்டிருக்கிறார்கள். காசிமேட்டில் ஐஸ் கட்டியைச் சாக்கும் மரத்தூளும் போட்டு மூடுவோமே, அதே வேலை. அந்த மேட்டின் ஓரம் மெத்தென்று இருக்கும், சக்கரம் இறங்கினால் வண்டி சாயும். எதிரே லாரி வந்தாலும் ஓரம் போகிறேன் என்று ரொம்ப ஒதுங்கக் கூடாது.

காய்ந்த நாளில் சிமெண்ட் ஷீட் கூரை மேல் ஓட்டுவது போல வரி வரியாகத் தடதடக்கும். புழுதி அடங்க கால்சியம் குளோரைடு போடுவார்கள், மழை பெய்தால் அது வழவழ சேறாகி வண்டி வழுக்கும். வண்டிக்குள் ஸ்க்ரூ தானாகக் கழன்று விழும். நான் தினமும் சாயங்காலம் ஸ்க்ரூடிரைவரோடு ஒரு சுற்று வந்தேன், கபோர்டு கீல்கள், ஜன்னல் பிடி, கக்கூஸ் கதவு. லாரி எதிரே வந்தால் வேகத்தைக் குறையுங்கள், கல் தெறிக்கும். நாங்கள் குறைத்தும் முன் கண்ணாடியில் விரிசல் விழுந்தது, காசு மச்சான் கட்டினார்.

இரண்டு பஞ்சர். ஒரு ஸ்டெப்னி போதும் என்று கம்பெனியில் சொன்னார்கள். நான் அடம்பிடித்து இரண்டு வாங்கினேன். டிரெய்லர்காரன் பேச்சைக் கேட்டதால் பிழைத்தோம் என்று தங்கச்சி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நானும் மறுப்பதில்லை. பெட்ரோல், பிரிவிலிருந்து 369 கிலோமீட்டரில் ஈகிள் பிளெயின்ஸ் என்ற இடத்தில்தான். எங்கள் வண்டி டேங்க் 200 லிட்டர், லிட்டருக்கு நான்கு, நாலரை கிலோமீட்டர் கொடுத்தது, அதனால் தூரம் கணக்குக்கு உள்ளேதான். ஆனாலும் பாதிக்குக் கீழே இறங்க நான் விடவில்லை. பம்ப் இருக்கும், அன்றைக்கு அதில் பெட்ரோல் இருக்குமா என்பது வேறு.

அதைத் தாண்டி 405ஆவது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டம். ஒரு போர்டு, பெரிய காற்று, கண்ணுக்கு எட்டிய வரை மரமில்லாத மலை. அப்புறம் பீல், மெக்கன்சி என்று இரண்டு ஆறு. பாலம் இல்லை. கோடையில் படகில் வண்டியை ஏற்றி இலவசமாக அக்கரை விடுவார்கள், குளிர்காலத்தில் ஆறு உறைந்து அதுவே ரோடு. உறையும்போதும் உருகும்போதும் சில வாரம் வழியே கிடையாது.

நடுக்காட்டில் வண்டி நின்றால்? போன் எடுக்குமா?

எடுக்காது. ஊர் தாண்டினால் டவர் போய்விடும். சாட்டிலைட்டில் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை மச்சான் வாங்கியிருந்தார். உங்களுக்குச் சொந்தக்காரர் அங்கே பரிசாகக் கொடுத்தாலும் இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள். சாட்டிலைட் போன், அந்த வகைக் கருவி எதையும் அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருப்பது குற்றம், ஏர்போர்ட்டிலேயே பிடிப்பார்கள்.

வண்டி நின்றால் வண்டியோடு இருங்கள். வருகிற முதல் ஆள் கட்டாயம் நிறுத்துவார். எங்கள் முதல் பஞ்சருக்கு நாற்பது நிமிடத்தில் மூன்று வண்டி நின்றது, ஒருவர் ஜாக்கியைப் பிடுங்கி அவரே போட ஆரம்பித்துவிட்டார்.

அந்த ரோட்டின் பெயரே இந்தக் கேள்விக்குப் பதில்தான். 1910 டிசம்பரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற போலீஸ் அதிகாரி, மூன்று பேரோடு நாய் வண்டியில் ஃபோர்ட் மெக்பர்சனிலிருந்து டாசன் சிட்டிக்குக் கிளம்பினார். வேகமாகப் போய்ப் பெயர் வாங்க வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்து ஏற்றினார். வழி தெரிந்த பூர்வகுடி ஆளைப் பாதியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். திரும்ப வேண்டிய ஓடையைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றி, நாய்களைக் கொன்று தின்று, நால்வரும் செத்தார்கள். 1911 மார்ச்சில் தேடிப்போய் உடல்களைக் கண்டுபிடித்தவர்தான் டெம்ப்ஸ்டர். எனக்கு இந்தக் கதை கரடிக் கதையைவிடப் பெரிது. அங்கே ஆளைக் கொல்வது தூரம். கையில் எவ்வளவு இருக்கிறது, அடுத்தது எங்கே கிடைக்கும் என்ற கணக்கு தப்பினால் முடிந்தது.

இரவே இல்லையாமே, தூங்கியது எப்படி?

வைட்ஹார்ஸில் ஜூன் கடைசியில் 19 மணி நேரம் வெளிச்சம். இனுவிக்கில் 50 நாளுக்கும் மேல் சூரியன் மறைவதே இல்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணியும் கண்ணுக்கு ஒரு பட்டையும் போதும். அம்மாவுக்குத்தான் விளக்கு வைக்கும் நேரம் எது என்று குழப்பம். கடைசியில் சென்னை நேரத்துக்குக் கடிகாரம் வைத்துக்கொண்டார். பச்சையாக ஆடும் துருவ ஒளியைப் பார்க்க ஆசைப்பட்டால் கோடையில் போகாதீர்கள், வானம் இருட்டினால்தான் தெரியும், ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு போங்கள்.

இனுவிக்கில் ஒரு மசூதி இருக்கிறது. வின்னிபெக் ஊரில் கட்டி, லாரியிலும் பிறகு ஆற்றில் பார்ஜிலுமாக ஏற்றி 2010இல் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் தெரு பாய் இதை நம்பவில்லை, படம் காட்டிய பிறகும் பாதிதான் நம்பினார்.

கொசு?

நாம் கூவத்தையும் பக்கிங்காம் கால்வாயையும் பார்த்தவர்கள் என்ற திமிரில் போனேன். திமிர் அரை மணி நேரத்தில் இறங்கியது. தலைக்கு வலைத் தொப்பி வாங்குங்கள்.

காட்டுத் தீ என்கிறார்களே?

உண்மை. அலாஸ்கா நெடுஞ்சாலையில் இருக்கும் ஃபோர்ட் நெல்சன் ஊரையே 2024 மே மாதத்தில் மொத்தமாகக் காலி செய்ய வைத்தார்கள். 2023 ஆகஸ்டில் யெல்லோநைஃப், அது ஒரு தலைநகரம், இருபதாயிரம் பேர். கிளம்பும் முன் ஒவ்வொரு ஊரிலும் ரோடு நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள், தகவல் மையத்தில் கேட்டால் சொல்வார்கள். ரோடு மூடினால் வேறு வழி கிடையாது, காத்திருக்க வேண்டியதுதான். அதற்கென்றே மூன்று நாள் கூடுதலாக வைத்திருந்தோம், அம்மாவின் மருந்து பத்து நாளுக்குக் கூடுதலாக.

செலவு எவ்வளவு?

பாதி மச்சான் பணம், அதனால் மொத்தத்தை எழுத மாட்டேன். வாடகை பாதி, பெட்ரோல் கால், மீதி சாப்பாடு, முகாம், இன்சூரன்ஸ். விமான டிக்கெட் தனி. அம்மாவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் போடும்போது தொலைதூரத்திலிருந்து விமானத்தில் தூக்கிப்போகும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ரோடு முடிகிற இடத்தில் என்னதான் இருந்தது?

கடல் இருந்தது. நம்முடையதைப் போல இரைச்சல் இல்லை. தூரத்தில் வெள்ளைக் கோடாக ஐஸ்.

டக்டோயாக்டக், இனுவியாலுயிட் என்ற பூர்வகுடி மக்களின் ஊர், ஆயிரம் பேர்கூட இல்லை. 2017 நவம்பரில்தான் அங்கே வருடம் முழுவதும் போகும் ரோடு திறந்தது. அதுவரை குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலும் கடலின் மேலும் போவார்கள், மற்ற நாளில் விமானம், படகு. ஊருக்கு வெளியே பிங்கோ என்ற குன்றுகள், உள்ளே முழுக்க ஐஸ், மேலே மண் போர்வை. பெரியது 49 மீட்டர் உயரம்.

எல்லாரும் போர்டு பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஓரம் முழுவதும் பாறாங்கல் கொட்டியிருந்தது. ஒரு வீட்டுக்காரப் பெண்மணி வெளியே வந்தார், எங்கள் வயதுதான் இருக்கும். கரைக்கு அடியில் இருக்கும் ஐஸ் உருகுகிறது, அலை வந்து மண்ணைத் தின்கிறது, கடலோரத்தில் இருந்த சில வீடுகளை உள்ளே நகர்த்திவிட்டார்கள் என்றார். தங்கச்சி மொழிபெயர்த்தாள். அம்மா, எங்கள் ஊரிலும் கல் கொட்டுகிறார்கள் என்று சொல்லச் சொன்னார். துறைமுகச் சுவர் வந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும், வடக்கே ராயபுரம், காசிமேட்டுப் பக்கம் கடல் உள்ளே வந்ததும், அம்மாவின் சித்தி வீடு இருந்த குப்பத்துத் தெரு இப்போது தண்ணீரில் இருப்பதும், எல்லாம் தங்கச்சி வழியாகப் போனது. அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டே இருந்தார். கல் நிற்குமா என்று கேட்டார். கொஞ்ச வருடம் நிற்கும், அப்புறம் அது பக்கத்துக் குப்பத்தைத் தின்னும் என்றார் அம்மா.

கருவாடு மீதியை என்ன செய்தீர்கள்?

நெத்திலி ஒரு பொட்டலம் மிச்சம் இருந்தது. அந்தப் பெண்மணி வீட்டு வாசலில் மீனைக் கீறிக் கீறிக் கம்பியில் தொங்கவிட்டிருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். அவர்களும் கருவாடு போடுகிறவர்கள், புகையில் உலர்த்துவார்களாம். பொட்டலத்தைக் கொடுத்தோம். மோந்து பார்த்துவிட்டு ஒன்றை அப்படியே வாயில் போட்டார், கண் விரிந்தது. உள்ளே போய் அவருடைய மீனில் ஒரு கட்டு கொண்டுவந்து அம்மா கையில் வைத்தார்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் அம்மா ஒரு துண்டு பிய்த்துத் தின்றார். நன்றாக இருக்கிறது, ஆனால் உப்பு பத்தவில்லை என்றார்.